விருந்தாளிக்கு மணி, வேலையாளுக்கு?

கேள்வி: அறுகம்குடா விடுதியொன்றில் அறை துப்புரவு செய்யும் எங்கள் ராத்தாவிடம் ஒரு விருந்தாளி முறைகேடாக நடந்துகொள்ள, முறையிட்டதற்கு முகாமையாளர், "வந்தவர் மனம் கோணாமல் அனுசரித்துப் போங்கள்" என்றாராம். இதுவும் விருந்தோம்பலில் சேர்த்தியா?
— ஒரு வாசகி, கல்முனை

பதில்: சஹனில் சோறும் கறியும் நிறைத்து அதிதியை உட்காரவைக்கும் நம் கரையோரத்து உம்மாமாரிடம், அவருடைய சேஷ்டைக்கும் சேர்த்து உபசாரம் செய்யும்படி இதுவரை எவரும் சொன்னதில்லை. முகாமையாளர் மறந்தாலும் சட்டம் மறக்கவில்லை: 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு விளைவிப்பவருக்கு 5 வருஷம் வரை சிறை விதிக்கவும், நஷ்டஈடு கட்டவைக்கவும் இடந்தருகிறது.

சிகாகோ நகரசபையோ 2017இல், அறைக்குள் தனியே செல்லும் சிப்பந்திகளுக்கு அபாயப் பொத்தான் கொடுக்க வேண்டுமென்றும், தொந்தரவு செய்தவர் தங்கியிருக்கும்வரை, முறையிட்ட சிப்பந்திக்கு வேறு தளம் போன்ற விலகிய இடத்தில் வேலை தர முன்வர வேண்டுமென்றும் ஹோட்டல்காரர்களைக் கட்டாயப்படுத்திற்று. இங்கே, தேநீர் வேண்டுமென்றால் அழுத்துவதற்கு விருந்தாளியின் தலைமாட்டில் மணி இருக்கிறது. மானத்தைக் காக்க ராத்தாவிடம் இருப்பதெல்லாம், கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்த வாளியும் ஈரத் துடைப்பமுமே.

துடைப்பம் உத்தமமான ஆயுதந்தான்; எனினும் திகதி, நேரம், அறை இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு பொலிஸ் நிலையத்து மகளிர் பிரிவில் முறைப்பாடு பதியச் சொல்லுங்கள். முகாமையாளரின் உபதேசத்தையும் ஒரு வரி விடாமல் சேர்க்கட்டும். வாசிக்கிற அதிகாரிக்குச் சுவாரஸ்யமாக இருக்கும்.