ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்

நாட்டில் மற்ற எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது. ஒன்றுதான் பாக்கி: பிரெஸ்ஸாவா, ஃப்ரான்க்ஸா?

கல்யாணப் பந்தியில், அலுவலக லிஃப்டில், குடியிருப்போர் சங்க வாட்ஸப் குழுவில் என்று எங்கும் இதே பேச்சு. துக்கம் கேட்க வந்த இடத்தில்கூட, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு இதைத்தான் பேசுகிறார்கள். மகளுக்கு வந்த இரண்டாவது ஜாதகத்துக்கே தலையாட்டிய மனிதர், இந்த இரண்டு வண்டிக்கும் எக்ஸெல் ஷீட் போட்டு வைத்திருக்கிறார். டிக்கி 328 லிட்டரா, 308 லிட்டரா? அந்த அதிகப்படி 20 லிட்டரில் என்னத்தை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மனிதருக்குக் கோபம் வருகிறது.

இரண்டையும் செய்வது ஒரே மாருதி சுஸுகிதான். பிரெஸ்ஸா அரினா ஷோரூமில் கிடைக்கும், ஃப்ரான்க்ஸ் நெக்ஸாவில். முதலாளி ஒருவர், கடை இரண்டு. நெக்ஸாவில் வாங்கியவர் அரினாவில் வாங்கியவரைப் பார்த்து லேசாக மூக்கைச் சுளிக்கலாம்; அதற்கான காசையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார்கள். இருக்கிற சாதி போதாதென்று ஷோரூமிலும் ஒன்று. ஃப்ரான்க்ஸுக்கே சின்னத்தை மாற்றி ஒட்டி, டைசர் என்று டொயோட்டாவும் விற்கிறது. அதை வேறு உள்ளே இழுத்தால் எக்ஸெல் ஷீட் தாங்காது.

இரண்டுக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். அதுவும் 3,995 மில்லிமீட்டர், இதுவும் 3,995 மில்லிமீட்டர். எந்த டிசைனரும் கனவில் கண்ட நீளம் அல்ல இது. 2006 பட்ஜெட்டில் நம் சிவகங்கைக்காரர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. அவ்வளவுதான் சிறிய காருக்கு இலக்கணம். அன்று முதல் இந்தியக் கார்களின் பின்பக்கத்தை நிதியமைச்சகம்தான் வரைகிறது. 2012-இல் மாருதி டிசையரின் வாலை நறுக்கி 3,995-க்குள் அடக்கினார்கள். மிச்சம் விட்ட அந்த 5 மில்லிமீட்டர், அளக்க வரும் அதிகாரியின் கை நடுங்கினால் உதவும் என்பதற்காக இருக்கலாம்.

பிரெஸ்ஸாவின் கதைதான் பரிதாபம். 2016-இல் வந்தபோது அதற்கு 1,248 சி.சி. டீசல் எஞ்சின், நீளமும் பொருந்தியது, எஞ்சினும் பொருந்தியது, சலுகை கிடைத்தது. 2020-இல் பி.எஸ். 6 மாசு விதி வந்ததும் டீசலைக் கைவிட்டு 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சினை வைத்தார்கள். 1,200 சி.சி. வரம்பைத் தாண்டியாயிற்று, சலுகை போயிற்று. வெட்டிய வால் மட்டும் முளைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஃப்ரான்க்ஸுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதே நீளமுள்ள பிரெஸ்ஸாவுக்கு 40. பழனியில் மொட்டை போட்டும் வரம் கிடைக்காமல் திரும்பிய கதை.

இன்னொரு கூத்தும் உண்டு. ஜி.எஸ்.டி.யோடு செஸ்ஸும் வாங்கிய காலத்தில் வரிக்காரர்கள் கணக்கில் எஸ்.யூ.வி. என்றால் நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டும், எஞ்சின் 1,500 சி.சி.யைத் தாண்ட வேண்டும். இந்த இரண்டு வண்டியும் அதில் தேறவே இல்லை. கம்பெனி எஸ்.யூ.வி. என்று சொல்லி விற்றது, அரசாங்கம் அது எஸ்.யூ.வி. இல்லை என்று சொல்லி வரி போட்டது, வாங்கியவர் இரண்டு பேரையும் நம்பிப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்.

இதுவரை வேடிக்கை. இனிமேல் வருவதில் வேடிக்கை ஒன்றுமில்லை.

2024 அக்டோபரில் ஃப்ரான்க்ஸ் ஜப்பானில் விற்பனைக்குப் போனது. குஜராத்தில் செய்து, பிபாவாவ் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிய வண்டி. மோதப்போகிறது என்று தெரிந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி அதில் இருந்தது. தடத்தை விட்டு விலகினால் திருத்தும் வசதி இருந்தது. ஆறு ஏர்பேக் இருந்தது. அதே குஜராத்தில் நமக்கென்று செய்த வண்டியின் பேஸ் மாடலில் அன்று ஏர்பேக் இரண்டே இரண்டு. தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி டாப் எண்டிலும் இருக்கவில்லை. டோக்கியோவில் தெருவைக் கடக்கும் கிழவருக்கு ஒரு பிரேக், தாம்பரத்தில் கடக்கும் கிழவருக்கு வேறு பிரேக். டாப் எண்ட் வாங்க வக்கில்லாதவனுடைய பிள்ளையின் மண்டைக்கு என்ன விலை என்று விலைப்பட்டியலிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள்; நாமும் வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டோம். எல்லா மாடலுக்கும் ஆறு ஏர்பேக் வந்தது 2025-இல்தான். அதற்கு முன் விற்றவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அரசாங்கம் என்ன செய்தது? ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு விதி போட்டார் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி. கெடு 2022 அக்டோபர் என்றார். அதை 2023 அக்டோபருக்குத் தள்ளினார். அந்தக் கெடுவும் நெருங்கியபோது கட்டாயமெல்லாம் இல்லை என்று கையை விரித்தார். ஏர்பேக் சரியாக இருந்திருந்தால் 2020-இல் 13,000 பேருக்கு மேல் பிழைத்திருப்பார்கள் என்று நாடாளுமன்றத்தில் சொன்னவரும் சாட்சாத் இவரேதான். விலை கூடினால் சின்னக் கார் வாங்குகிறவர் பாவம் என்று உருகினார் மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா. ஏழைக்கு இரங்கும் இந்தக் கண்ணீர் ஏர்பேக் என்றதும் வருகிறது, சன்ரூஃபுக்கு விலை போடும்போது வருவதில்லை.

நாம் மட்டும் யோக்கியமா? பிரெஸ்ஸாவில் சன்ரூஃப் உண்டு, ஃப்ரான்க்ஸில் இல்லை. பாதிப்பேருக்கு எக்ஸெல் ஷீட் அந்த வரியோடு முடிந்துவிடுகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கூரையைத் திறந்து யார் காயப் போகிறார்கள்? பிள்ளையை அதில் தலை நீட்டி நிற்க வைத்து, வண்டி ஓடும்போதே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடத்தான். ஏர்பேக் எத்தனை என்று கேட்காத அப்பா, அந்த வீடியோவுக்கு எத்தனை லைக் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

காரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளக்கத் தெரிந்த அரசுக்கு நடைபாதையை அளக்க மட்டும் டேப் கிடைப்பதில்லை. நடப்பதற்கு 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயத்தின் விதி இருக்கிறது. பிரெஸ்ஸாவின் அகலம் 1,790 மில்லிமீட்டர். என்ன பொருத்தம்! தவறிப்போய் எங்காவது விதிப்படி நடைபாதை கட்டிவிட்டால், வண்டி அச்சாக அதில் உட்காரும். நடப்பவருக்கு 10 மில்லிமீட்டர் மிஞ்சும். அவர் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். 2022-இல் நாட்டுச் சாலைகளில் செத்துப்போன பாதசாரிகள் 32,825 பேர். இருசக்கர வாகனத்தில் போய்ச் செத்தவர்கள் 74,897 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இதற்கு யாரும் கேக் வெட்டவில்லை.

பிரெஸ்ஸாவா ஃப்ரான்க்ஸா என்று இன்னும் கேட்கிறீர்களா? எதையாவது வாங்கித் தொலையுங்கள். நடைபாதையில் ஏற்றாதீர்கள், பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள், பிள்ளையைக் கூரையிலிருந்து கீழே இறக்குங்கள். புக்கிங் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், ஜப்பான்காரனுக்குக் கொடுத்த பிரேக் எனக்கு எங்கே என்று கேளுங்கள். ஷோரூம் தம்பி முழிப்பார். அவர்மேல் தப்பில்லை, மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மேனேஜரும் முழித்தால் முன்பணத்தைக் கட்டாமல் எழுந்து வாருங்கள்.