ஈ பார்ப்பவர்

ஈ பார்ப்பவர் என்பவர் வயிற்றுப்பாட்டுக்கு வேறொரு வேலை செய்பவர். பெல்மதுளைப் பக்கத்தில் அவர் பெரும்பாலும் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர். இல்லாவிட்டால் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் கிளாக்கர். அந்த வேலையில் அவர்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பனி காய்ந்து வெயில் ஏறும் நேரத்தில், லயத்துக் கானோரம் குந்தியிருந்து அழுக்குத் தண்ணீரைக் கண்கொட்டாமல் பார்ப்பதுதான் அவரிடம் உள்ள ஒரே கோளாறு. பக்கத்தில் போய் என்னவென்று கேட்டால், தண்ணீருக்குள் நெளியும் வால் முளைத்த புழுவைக் காட்டுவார். அது வாலல்ல, மூச்சுக்குழாய். புழு அடியில் கிடந்து சகதியைத் தின்றுகொண்டிருக்கும்போதே குழாய் நீண்டு நீர்மட்டத்துக்கு வந்து காற்றை வாங்கும். பிறகு இதே புழு தேனீ வேடம் போட்ட ஈயாகிப் பூப்பூவாகத் தேன் குடிக்கப் போகிறது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், கேட்டவர் பீலிக்கரையைத் தாண்டியிருப்பார்.

இயற்கை ஆர்வலர்களுக்குள்ளும் மேலிடம், கீழிடம் உண்டு. பறவை பார்ப்பவர் தொப்பியும் பைனாகுலருமாகச் சிங்கராஜ வனத்துக்குப் போகும்போது ஊரே வழிவிடும். வண்ணத்துப்பூச்சிக்காரருக்குக் கலெண்டரில் படம் போடுகிறார்கள். தும்பிக்காரருக்கும் சுமாரான மரியாதை இருக்கிறது. ஈக்காரர்தான் பந்தியில் கடைசி. மற்றவர்களிடம் எவ்வளவு கண்டீர்கள் என்று கேட்பவர்கள், இவரிடம் மட்டும் ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்கள்.

வேலையின் அளவோ தலைகீழ். இலங்கையில் வண்ணத்துப்பூச்சிகள் ஏறத்தாழ 250 இனம். ஆயுசு கெட்டியென்றால் அத்தனையையும் பார்த்து முடித்துவிட்டுப் பென்ஷனும் வாங்கலாம். உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட ஈக்களோ ஒன்றரை இலட்சம் இனத்துக்கு மேல். ஒரே சோடி இறகோடு பறப்பவற்றில் அநேகமாக எல்லாம் இந்தக் கூட்டம்தான். நுளம்பும் இதில் சேர்த்தி. பின்னிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடல் புரளாமல் காப்பவை அவை. வாழ்நாளில் முடியாத வேலையைத் தேடிப் பிடித்துக்கொண்டவர் என்ற வகையில், ஈ பார்ப்பவருக்கு ஓய்வுகாலத்தில் பொழுது போகாதே என்ற கவலை மட்டும் கிடையாது.

அவருடைய கருவிகள் மலிவானவை. கமெரா நல்லதாக உள்ள ஒரு போன், அதன் கண்ணில் கவ்வவைக்கும் சின்ன லென்ஸ், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், செத்த ஈ அகப்பட்டால் மடித்து வைக்கக் கொஞ்சம் வெள்ளைக் கடதாசி. வேறு ஊரில் இவற்றால் ஒரு தொல்லையும் வராது. ஆனால் இது இரத்தினபுரி மாவட்டம். அதே பத்து மடங்கு லென்சும் அதே மடித்த கடதாசியும்தான் மாணிக்கக்கல் வியாபாரத்தின் மூலதனம். ஓடையோரத்தில் தரையைக் குனிந்து பார்க்கும் மனிதரை இந்தப் பக்கத்தில் யாரும் தனியாக விடுவதில்லை. ஐந்து நிமிடத்தில் இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்று புகைபிடிப்பார்கள். பத்து நிமிடத்தில், லைசன்ஸ் இருக்கிறதா என்று ஒருவர் சிங்களத்தில் விசாரிப்பார். ஈ பறந்துவிட்டது என்று இவர் கை விரித்தால், பெரிய கல்லை விழுங்கிவிட்டான் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

தேநீர்க் கடையில் நடப்பது இன்னும் மோசம். சட்டைப் பையிலிருந்து கடதாசிப் பொதியின் முனை தெரிந்தால் போதும், தரகர் ஒருவர் பிளேன்டீயுடன் பக்கத்தில் வந்து அமர்வார்.

“என்ன கல்லு சேர், நீலமா?”

“நீலந்தான். கொஞ்சம் பச்சை ஓடுது.”

“சூடு போட்டதா?”

“இல்ல, இயற்கை.”

தரகர் பொதியைப் பிரித்து, லென்சைக் கண்ணில் வைத்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி முறையாகப் பார்ப்பார். நீலப்பச்சை மினுக்கத்தோடு, இரண்டு சிவந்த கண்கள் அவரைத் திருப்பிப் பார்க்கும். விலை சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். பிளேன்டீக்கு ஈ பார்ப்பவர்தான் காசு கொடுக்கவேண்டும்.

இறப்பர் மலையில் வேறு கதை. பால் வெட்டாத மரங்களில் கவிழ்க்காமல் விட்ட சிரட்டைகளில் மழைநீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு அது வாகான பிள்ளைக்காம்பரா. அந்தச் சிரட்டைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துப் போனில் படம் எடுப்பவரைக் கண்டால், பி.எச்.ஐ. வந்துவிட்டார் என்ற செய்தி லயத்துக்கு முந்திக்கொண்டு போகும். அவர் வந்து சேர்வதற்குள் பூச்சட்டி, பழைய டயர், யோகட் கோப்பை எல்லாம் கவிழ்க்கப்பட்டிருக்கும். சுகாதாரத் துறைக்குச் சம்பளமில்லாமல் இவர் ஆற்றும் இந்தச் சேவை எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அன்றைக்கு அவர் பார்க்க நினைத்த புழுக்களும் கானில் போயிருக்கும் என்பது தனி வருத்தம்.

சந்தையில் மீன் கடைதான் அவருடைய கோயில். பெரிய கண்ணுள்ள அந்த நீலப்பச்சை ஈக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் கிரைசோமியா மெகாசெபலா. மலத்திலும் இருக்கும், மீனிலும் இருக்கும். அதன் ஒழுக்கத்தைப் பற்றி இவர் கவலைப்படுவதில்லை. ஆணின் இரண்டு கண்களும் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பெண்ணின் கண்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதைச் சரிபார்க்க முகத்தை மீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கடைக்காரர் பதறி விசிறுவார்.

“மீன் பழசில்லீங்க ஐயா, விடியக்காலமதான் பேருவளையில இருந்து வந்திச்சு.”

“மீன் கெடக்கட்டும் அண்ணே, ஈய வெரட்டாதீங்க. அது பாருங்க, கால வச்சே ருசி பாக்குது.”

ஈக்குச் சுவை அறியும் உறுப்பு காலிலும் உண்டு என்பது உண்மை. ஆனால் மீன் கடையில், வாங்க வந்தவர்கள் முன்னிலையில் சொல்லக்கூடிய உண்மை அல்ல.

வீட்டில் இவரைப் பொறுத்துக்கொள்பவர்கள் தனிப் பிறவிகள். பழுத்து விழுந்த பலாவை அள்ளிக் கொட்டவிடாமல் மூன்று நாள் வாசலில் காப்பார். பிள்ளையின் பிறந்தநாள் படங்களில் கேக்கின் ஓரம் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கும், காரணம் கேட்கவேண்டியதில்லை. செத்த வீட்டில் மட்டும் மனிதர் கட்டுப்பாடாக இருப்பார், கண் இரண்டொரு முறை மாலைப் பக்கம் போய் வரும் என்றாலும். 2004இல் சுவீடனில் பிரெட்ரிக் ஷேபெரி என்பவர், ஒரு தீவில் இருந்துகொண்டு பூ ஈக்களைச் சேகரித்த கதையைப் புத்தகமாக எழுதி உலகப் புகழ் வாங்கினார். இங்கே அதே வேலைக்கு நூல் கட்டச் சொல்கிறார்கள்.

படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை, இனம் காணவேண்டும். இறகு நரம்புகளின் ஓட்டத்தைப் பார்க்கவேண்டும், காலில் உள்ள மயிரை எண்ணவேண்டும். சாம்பல் முதுகில் கறுப்புக் கோடு போட்ட சதை ஈக்களில் பலவற்றை ஆணின் பிறப்புறுப்பைப் பரிசோதித்துத்தான் பிரிக்க முடியும். இதை மாமியாரிடம் விளக்கப் போனவர் எவரும் இரண்டாம் தடவை விளக்கியதில்லை. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றிவிட்டு மாதக்கணக்காகக் காத்திருப்பதும் உண்டு. கடைசியில் கடல்கடந்து ஒரு நிபுணரின் தீர்ப்பு வரும்: ‘ஈ.’ அதுவும் சந்தோஷம்தான். குளவி என்று சொல்லவில்லையே.

இவருக்கு முன்னோர்கள் இல்லாமல் இல்லை, அவர்கள் துரைமார். பூண்டுலோயாவில் தோட்டம் பார்த்த ஏர்னஸ்ட் கிரீன், செடியில் ஒட்டும் செதிற்பூச்சிகளை ஆராய்ந்து, பின்னர் இலங்கை அரசின் பூச்சியியலாளரானார். மாத்தளை சுதுகங்கைத் தோட்டத்தில் இருந்த ரொனால்ட் சீனியர்-வைட் ஈக்களையே பிடித்தார். 1940இல் வெளிவந்த பிரிட்டிஷ் இந்திய விலங்குத் தொகுதியின் நீல ஈக்கள் பாகத்தை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். அதே வரிசையில் 1912, 1920, 1923 ஆகிய ஆண்டுகளில் ஈப் பாகங்களை எழுதிய என்ரிகோ புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். வாத்தியம் வாசித்த கையோடு ஈ பிடித்தவர். பிறகு 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு வந்தது. அதன்பின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகக் கார்ல் குரோம்பைனின் குழு வந்து வலை வீசியது. துரை ஈ பிடித்தால் ஆராய்ச்சி. கிளாக்கர் பிடித்தால் வைத்தியரிடம் காட்டவேண்டிய கேஸ். இந்த வித்தியாசத்துக்கு ஈக்கள் பொறுப்பல்ல.

வலையையும் போத்தலையும் இன்றைய ஈ பார்ப்பவர் விட்டுவிட்டது நல்லதே. 2020இல் யால தேசிய வனத்தில் பூச்சிகளைப் போத்தல் போத்தலாகப் பிடித்த இரண்டு இத்தாலியர்களுக்கு 2024இல் நீதிமன்றம் விதித்த தண்டம் ஆறு கோடி ரூபாய். படம் எடுப்பதற்கு யாரும் தண்டம் போடுவதில்லை. காட்டுக்கும் போகவேண்டியதில்லை, கவ்வாத்து வெட்டாத மலையில் தேயிலைப் பூவுக்கு வரும் ஈக்களே ஒருவருக்குப் பல வருடத்துக்குப் போதும். கண்டிப் பெயர் தாங்கிய பழ ஈயான பக்ரோசெரா கண்டியென்சிஸ் தனி இனமென்று பெயர் பெற்றதே 1994இல்தான். அதுவும் மாம்பழத்தைத் துளைக்கும் ஈ, காட்டின் நடுவில் ஒளிந்திருந்த ஈ அல்ல.

காலம் ஒன்றுதான் பார்க்கவேண்டும். மே, ஜூன் மழையில் இந்தப் பக்கம் ஈ கிடையாது, அட்டைதான் உண்டு. உந்துவப் போயாவுக்குப் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் சிலை சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்டுவிட்டால் யாத்திரைக் காலம். ஈக்கும் அதன்பின் வரும் வெயில்தான் நல்ல காலம். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பார்ப்பது உத்தமம். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று எடுக்கவேண்டும். இறகு நரம்பும் கண்ணிடைவெளியும் தெரியவேண்டும். நாளும் இடமும் எழுதாத படத்தைச் சுவரில் மாட்டலாம், பதிவாக எடுத்துக்கொள்ள முடியாது.