கல் இடம்பெயர் இயல்: வீட்டு மீன்தொட்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மீன்தொட்டி பற்றிய கையேடுகள் மீனைப் பற்றியே பேசும். எந்த மீனுக்கு என்ன தீனி, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது, வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கல்லுப்பு போடலாமா என்றே பக்கங்கள் நிறையும். துறையின் மையம் எதுவென்று பிடிபடாததால் வந்த கோளாறு இது. வீட்டில் நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர் மீனுக்குச் செலவிடுவது காலையும் மாலையும் ஒரு சிட்டிகை தீனி தூவும் நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் கல்லுக்கு. எந்தக் கல்லை எங்கே வைப்பது, வைத்ததை ஏன் எடுப்பது, எடுத்ததை மறுபடி எங்கே வைப்பது என்பவையே இத்துறையின் மூன்று தலையாய வினாக்கள். மீன் இதில் சாட்சி, அவ்வளவே.

இக்கட்டுரை நிறுவ முயலும் கருதுகோள் ஒன்றே ஒன்று. தொட்டி மோசமாக இருக்கும்போது யாரும் அதை மாற்றி அமைப்பதில்லை. நன்றாக வந்த பிறகுதான் மாற்றி அமைக்கிறார்கள். அற்றேல், பாசி பிடித்த தொட்டியையும் கொட்டிக் கவிழ்க்கிறார்களே எனின், அது கழுவுதல், மாற்றியமைத்தல் அன்று. வேறுபாடு முகத்திலேயே தெரியும். கழுவுகிறவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு இருப்பார். மாற்றியமைப்பவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, இரண்டடி பின்னால் போய் நின்று, அங்கிருக்கும் ஸ்டூலில் இடித்துக்கொள்வார்.

முன்னோர் ஆய்வுகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். லண்டனில் வேதியியலாளராக இருந்த ராபர்ட் வாரிங்டன் 12 காலன் தொட்டியில் இரண்டு சின்னத் தங்கமீன்களையும் வேலிஸ்நேரியா செடியையும் விட்டுப் பார்த்தார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. இதை அவர் வெளியிட்டது 1850இல். செடியும் மீனும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் தொட்டி என்று புகழ்பெற்ற அதுவே ஒரு திருத்தத்தில்தான் தேறியது என்பதைக் கவனிக்க. அவருடைய 12 காலனும், இன்று கடையில் கிடைக்கும் இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு, 55 லிட்டர் சொச்சம். நன்னீர்த் தொட்டி தேறியதும் வாரிங்டன் கடல்நீர்த் தொட்டிக்குத் தாவினார். இன்றைய மீன்தொட்டிக்காரர்களும் கையில் காசு சேர்ந்தால் அங்கேதான் தாவுகிறார்கள். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தது, 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வந்தது, சீமையெங்கும் வரவேற்பறைக்கு ஒரு தொட்டி என்றானது. நம் மெரினாவிலும் 1909இல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். ஆனால் காட்சியகங்கள் நம் ஆய்வுக்கு உதவா. அங்கே தொட்டி அப்படியே நிற்கும், பார்க்கிறவர்கள் நகர்வார்கள். வீட்டிலோ பார்க்கிறவர்கள் சோபாவில் உட்கார்ந்திருக்க, உள்ளே கல் நகரும்.

திட்டமிடல் என்ற பருவத்துக்கு வருவோம். இத்துறையில் பூரண இன்பம் தருவது இதுதான், ஏனென்றால் இதில் தண்ணீர் கிடையாது. காலித் தொட்டியின் அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அதில் மணலைப் பரப்பி, கற்களை அடுக்கிப் பார்ப்பார்கள். இந்தப் பருவத்தின் ஆதிகுரு ஜப்பானின் தகாஷி அமானோ (1954–2015). சைக்கிள் பந்தய வீரராக இருந்து, புகைப்படக்காரராகி, தொட்டிக்குள் காட்டையும் மலையையும் வளர்க்கலாம் என்று காட்டியவர். லிஸ்பன் நகரக் காட்சியகத்தில் 2015இல் அவர் அமைத்த நன்னீர்த் தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். அவர் பரப்பிய ‘இவாகுமி’ என்னும் கல் அடுக்கு முறையில் கற்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஒன்று தலைக்கல், மற்றவை அதற்கு அடங்கியவை. தலைக்கல் நட்டநடுவில் நிற்கக் கூடாது, சற்றே ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இவ்விதி எளிது போலத் தோன்றும். மூன்று கல் வாங்கினால் மூன்றும் ஒரே உயரம், எல்லாமே தலைக்கல். ஒன்றை உடைத்தால் இரண்டாகி மொத்தம் நான்கு, இரட்டைப்படை. ஐந்தாவதற்காகக் கடைக்குப் போக வேண்டும். கடையில் கல் கிலோ கணக்கில் நிறுத்து விற்கப்படுவதால் ஒரு கல்லோடு யாரும் திரும்புவதில்லை. மிஞ்சும் கற்கள் பால்கனி ஓரத்தில், துளசிமாடத்தைச் சுற்றி, ஷூ ரேக்குக்கு அடியில் என்று வீட்டுக்குள்ளேயே இரண்டாவது மலைத்தொடராக வளரும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம் தண்ணீர் ஊற்றிய அன்றே ஏன் குலைகிறது? இதற்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்வார் ஒரு சாரார். அது பொருந்தாது. காரணம் இயற்பியல். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே முன்பக்கக் கண்ணாடி வழியே பார்க்கும்போது 12 அங்குல ஆழமுள்ள தொட்டி 9 அங்குலமாகத் தெரியும். பின்னால் தள்ளி வைத்த மலை கண்ணெதிரே வந்து நிற்கும். போதாக்குறைக்கு, கண் முன்னாலிருந்து பார்க்கிறது, கை மேலிருந்து இறங்குகிறது. கண் சொன்ன இடமும் கை வைத்த இடமும் ஒன்றாக இருக்கவே முடியாது. கையை வெளியே எடுத்து, துடைத்து, பின்னால் போய்ப் பார்த்து, மறுபடி கையை விட்டு, அரை அங்குலம் நகர்த்தி, மறுபடி பின்னால் போய்ப் பார்த்து, முன்பு இருந்ததே தேவலாம் என்று பழைய இடத்துக்கே கொண்டுபோனால், பழைய இடம் எதுவென்று மறந்திருக்கும்.

ஆர்க்கிமிடீசும் இதற்கு உடந்தை. ஐந்து கிலோ கருங்கல் நீருக்குள் மூன்று கிலோ சொச்சமாகத்தான் கனக்கும். வெளியே தூக்கினால் முதுகு பிடிக்கும் கல், உள்ளே இரண்டு விரலுக்கு இணங்கும். இணங்கும் கல்லை நகர்த்தாமல் விட மனிதனால் ஆகாது. விளிம்பு வரை நிரம்பிய தொட்டியில் கை முழங்கை வரை இறங்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வெளியேறும். அது கண்ணாடியின் பக்கவாட்டில் வழிந்து, அடியில் போட்ட தெர்மாகோலை நனைத்து, ஸ்டாண்டின் காலோடு இறங்கி, மோட்டார், லைட், ஃபில்டர் மூன்றையும் சொருகியிருக்கும் ஜங்ஷன் பாக்ஸை நோக்கிப் போகும். வயரைத் தொங்கவிட்டு, பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு கொடுத்தால், வயர் வழி வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இக்கட்டுரையில் உருப்படியான பயன் தேடுவோர் இந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்தது காத்திருத்தல். மீனின் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா அதற்கே விஷம். அதை நைட்ரைட்டாக ஒருவகை பாக்டீரியா மாற்றும், அந்த நைட்ரைட்டும் விஷம். இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இவ்விரண்டு கூட்டமும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. மணலில், கல்லில், ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒட்டி வாழ்பவை. அதாவது, எதைத் தொடக் கூடாதோ அதிலெல்லாம் குடியிருப்பவை. மீன்தொட்டிக்காரர் இந்த வாரங்களில் படும் பாட்டைச் சொல்லி முடியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் உலாத்துவார். ட்ரிஃப்ட்வுட் கட்டையை அண்டாவில் போட்டு, சாயம் இறங்கட்டும் என்று கேஸ் தீரும்வரை வேகவைப்பார். தெருமுனைப் பாதாம் மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்குவார். (நாட்டுவாதுமையின் சருகு தண்ணீரில் ஊறிக் கடுங்காப்பி நிறம் இறங்கினால் பீட்டா போன்ற மீன்களுக்கு நல்லது என்பது உலகெங்கும் உள்ள மீன் வளர்ப்போர் நம்பிக்கை. வெளிநாட்டில் அதைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நம் தெருவில் அதே சரக்கைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்கள்.)

ஒருநாள் எல்லாம் கூடிவரும். தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவு. செடி வேர்பிடித்துப் புதுத் தளிர் விட்டிருக்கும். நியான் டெட்ராக்கள் ஒரே வரிசையாகத் திரும்பும். கல்லின் மேல் மெல்லிய பச்சை படர்ந்து, நேற்று கடையில் வாங்கியது போலன்றி என்றைக்கும் அங்கேயே கிடந்தது போல இருக்கும். கருதுகோளின்படி ஆபத்து தொடங்குவது இந்த நிமிடத்தில். வீடுகளில் பதிவான உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகிறது:

“ஏன்டா, மறுபடியும் கைய விட்டுட்டியா? நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான்மா இருந்துச்சு.”

“அப்புறம் என்ன?”

“அதான்.”

இந்த “அதான்” என்பதற்கு மேல் எந்த ஆய்வாளராலும் போக முடியவில்லை.

விளைவுகளைச் சொல்லியாக வேண்டும். ஆழ்ந்து கிடந்த மணலைக் கிளறினால், காற்றுப் புகாத அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு குமிழியிட்டு வந்து, கூடம் முழுக்க அழுகின முட்டை நாறும். இலங்கையின் ஓடைகளிலிருந்து உலகத் தொட்டிகளுக்குப் போன கிரிப்டோகோரைன் செடியை இடம் மாற்றினால் இலையெல்லாம் கூழாகிக் கரைந்துவிடும். வேர் மட்டும் பிழைத்து மெல்லத் தளிர்விடும். தளிர்விட்டு அழகாக வந்ததும் அதை வேறு மூலைக்கு மாற்றுவார்கள். இதற்கு நேர்மாறு ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும். இவற்றின் கிழங்கை மணலில் புதைத்தால் அழுகும். நூலால் கல்லில் கட்டிவைத்தால் வாழும். கல் போகும் இடமெல்லாம் முணுமுணுக்காமல் கூடவே போகும். மீன்தொட்டிக்காரரின் குணமறிந்து படைக்கப்பட்ட தாவரங்கள் என்று இவற்றைச் சொன்னால் தாவரவியலார் கோபிக்கக் கூடாது. கல்லையும் ஸ்பாஞ்சையும் குளோரின் வாடை வீசும் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று தேய்த்துக் கழுவுபவர் ஆறு வாரக் குடியேற்றத்தையும் சேர்த்தே சாக்கடைக்கு அனுப்புகிறார். இரண்டு நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். அதற்கு மருந்து வாங்கப் போவார்.

மாற்றியமைத்தல் மனிதருக்கு மட்டும் உரிய நோய் என்று கருத வேண்டாம். ஆஸ்கர் மீன் தன் தொட்டியைத் தானே மாற்றும். மணலை வாயால் அள்ளி ஓரமாகத் துப்பும். செடியைப் பிடுங்கி மிதக்கவிடும். வளர்ந்த ஆஸ்கர் முட்டி முட்டிக் கல்லையே புரட்டும். முன்னிரவில் மனிதர் வைத்ததைப் பின்னிரவில் மீன் கலைத்துவைக்கும். இருவருக்கும் ரசனை ஒத்துப்போன சம்பவம் நம் பார்வைக்கு வரவில்லை. எல்லை பிடித்துச் சண்டையிடும் சிக்லிட் வகை மீன்களுக்கிடையே புதிய மீனை விடுமுன் கற்களை இடம் மாற்றுவது நெடுநாள் வழக்கம். பழைய எல்லைகள் அழிந்துபோவதால் எல்லாருமே புதுக்குடித்தனக்காரர்கள் ஆகி, புதிதாக வந்ததை மட்டும் குறிவைத்துத் துரத்துவது குறையும். மாற்றியமைத்தலுக்கு மீன் தரப்பிலிருந்து கிடைக்கும் ஒரே நியாயம் இது. இதை மீன்தொட்டிக்காரர் சிக்லிட் இல்லாத தொட்டிக்கும் சொல்வார்.

களஆய்வு கொளத்தூரில் நடந்தது. வர்ண மீன் பண்ணைகளுக்கும் கடைகளுக்கும் பேர்போன இடம். ஆக்சிஜன் அடைத்துக் கட்டிய பாலித்தீன் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதை அப்படியே தருகிறோம்: “சார், தண்ணி செட் ஆவட்டும் சார். கைய விட்டீங்கன்னா மறுபடி மொதல்லேர்ந்துதான். ஒண்ணும் பண்ணாம விடுங்க, அதுவா வரும்.” வாடிக்கையாளர் தலையாட்டிக் கிளம்பினார். வாசல்படி தாண்டுமுன் அதே குரல்: “சார், டிராகன் ஸ்டோன் புது லோடு வந்திருக்கு, ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன்.” உயிரியலும் வணிகவியலும் ஒரே வாயில் ஒரே மூச்சில் வெளிப்பட்ட அரிய தரவு இது.

தொட்டிக்குள் கல் நகர்வதன்றி, தொட்டியே அறை மாறுவதும் உண்டு. அதற்கு வாஸ்து காரணம். நீர் ஈசானிய மூலையில் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. ஈசானியத்தில் பாரம் வைக்கக் கூடாது என்பதும் விதி. இரண்டடித் தொட்டி நிரம்பினால் தண்ணீரே 50 கிலோவுக்கு மேல், கல்லும் மணலும் கண்ணாடியும் தனி. இம்முரணைத் தீர்க்க உரையாசிரியர் எவரும் முன்வராததால், நடைமுறையில் பிளக் பாயின்ட் இருக்கும் மூலையே ஈசானியமாக ஏற்கப்படுகிறது.

திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் என்று ஒன்றுண்டு. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று நாரை சிவனிடம் வரம் கேட்டுப் பெற்றதாகக் கதை. மீனைத் தின்னும் ஆசை பிற நாரைகளைப் பற்றக் கூடாதென்று கேட்ட வரம் என்பது வழக்கமான விளக்கம். கல் அடுக்குவோர் கட்சி இதை வேறுவிதமாக வாசிக்கும். மீன் இல்லாத நீர்நிலை எப்போதும் வைத்தது வைத்தபடி இருக்கும். தொட்டி அமைப்புப் போட்டிகளுக்குப் படம் எடுப்பவர்கள் ஃபில்டர் குழாய்களைக் கழற்றிவிட்டு எடுப்பதும் இதே சிந்தனையில்தான். முடிந்தால் மீனையும் கழற்றுவார்கள்.

கருதுகோளைச் சரிபார்க்க ஓர் எதிர்ச்சான்று வேண்டும்: தொடாமல் விடப்பட்ட தொட்டி. மீன்தொட்டிக்காரர் வீடுகளில் அப்படியொன்று அகப்படவில்லை. கடைசியில் கிடைத்தது ஒரு முடிதிருத்தும் கடையில். சுழல் நாற்காலிக்கும் பவுடர் டப்பா அலமாரிக்கும் இடையே ஒரு தொட்டி. நீலக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, வாய் திறந்து குமிழிவிடும் சிப்பி, ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் பீங்கான் பாலம். இவாகுமியின் எல்லா விதிகளும் மீறப்பட்டிருந்தன. ஸ்பாஞ்ச் ஃபில்டர் கறுத்துப் பாசி பிடித்து, சீராகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தங்கமீன், செதில் உதிராமல், துடுப்பு கிழியாமல், வட்டமடித்துக்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக இருக்கிறது என்று முடிதிருத்துபவரைக் கேட்டதற்கு, “என் பையன் ஸ்கூல்ல சேர்ந்தப்போ வாங்குனது, இப்ப அவன் காலேஜ்” என்றார். பாலத்தை எப்போதாவது இடம் மாற்றியதுண்டா என்று கேட்டதற்கு, கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியே நம்மைப் பார்த்தார்.

“அத எதுக்கு சார் மாத்தணும்?”

இவரை ஆய்வுத் தரவில் சேர்ப்பதா என்று நெடுநேரம் விவாதிக்கப்பட்டது. ஆய்வு வரம்பு மீன்தொட்டிப் பொழுதுபோக்காளர்களுக்கு மட்டும் உரியது; இவரிடம் இருப்பது மீன் மட்டுமே. சேர்க்கப்படவில்லை.