முகமும் முகவரும்

கேள்வி: பட்டாசுப் பெட்டிகளுக்கும் நாட்காட்டிகளுக்கும் மாடல்களை அமர்த்தித் தரும் முகவராக விரும்புகிறேன், உரிமம் எங்கே பெறுவது? (விருதுநகர் வாசகர்)

பதில்: கலிபோர்னியாவில் தொழிலாளர் ஆணையரிடம் 50,000 டாலருக்குப் பிணைப்பத்திரம் கொடுத்தே இத்தொழிலில் பிரவேசிக்க வேண்டும், நம் தேசத்திலோ மாடல் முகவருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு தீட்டிய தெய்வங்கள் முகவரின்றியே சிவகாசி நாட்காட்டிகளில் ஏறி வீடுதோறும் எழுந்தருளின. ஆயினும், மத்தாப்புப் பெட்டியின்மீது பொக்கைவாய் திறந்து சிரிக்கும் குழந்தையைப் போல, 14 வயது நிறையாத ஒரு பாலகனை விளம்பரப் படத்திற்கு அழைத்து வருவீராயின், மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறப்பட்டிருப்பதும், நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காதிருப்பதும், ஊதியத்தில் 20 சதவீதத்தையேனும் அவன் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகச் செலுத்துவதும் 2017ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி கட்டாயமாகும். சிறுவர்கள் தீப்பெட்டி ஒட்டிய காலத்தை மறவாத இப்பிரதேசத்தில், அந்த வங்கி ரசீதைத் தாயின் கையில் முதலில் கொடுத்துவிட்டு, உம்முடைய கமிஷனை அப்புறம் கேளும்.