ஆனா அண்ணன்

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தால் முதலில் ஆனா, அடுத்து ஆவன்னா. எங்கள் அண்ணன் ஆவன்னாவுக்குப் போகவே இல்லை. எதிரே இருப்பவர் ஒன்றைச் சொல்லி முடித்து மூச்சு வாங்குவதற்குள் 'ஆனா...' என்று புகுந்துவிடுவார். அடையாள அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. காத்தோங்கில் அதற்கு வேலை இல்லை.

இந்த ரகம் சிங்கப்பூரின் எல்லாக் கோப்பிக்கடைகளிலும் உண்டு. தேக்காவில் இரண்டு மேசைக்கு ஒருவர் தேறுவார். ஆனால் (பாருங்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது) காத்தோங் சரக்கு தனி. ஊரே வழக்காடி வளர்ந்த ஊர். ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் எந்தக் கடை லக்சா அசல் என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. காத்தோங் லக்சாவில் நூடல்சைத் துண்டுதுண்டாக நறுக்கிவிடுவார்கள். கரண்டி ஒன்றே போதும். அண்ணன் சாப்ஸ்டிக் கேட்பார்.

"வேண்டாம் அங்கிள், கரண்டியே போதும்."

"போதும்தான். ஆனா கேக்குறவனுக்குக் குடுக்கணுமா வேணாமா?"

வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரண்டியால்தான் சாப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயிலுக்குப் போவார். வேறு சாமிகளிடம் இத்தனை நெருக்கம் இல்லை. காரணம் கேட்டேன். "மாம்பழத்துக்காக உலகத்தைச் சுத்தி வரச் சொன்னாங்க. தம்பி மயிலேறிப் போனார். இவர் உக்காந்த இடத்துலேயே 'ஆனா அப்பா அம்மாதானே உலகம்'னு ஒரு பாயின்ட் போட்டார் பாருங்க. பழம் யாருக்குக் கிடைச்சுது?" தன் இனத்துக்கு ஒரு குலதெய்வம் இருக்கிறது என்ற பெருமை முகத்தில் தெரிந்தது.

அவருடைய நிரந்தர எதிராளி மரின் பரேட்காரர். எழுபத்தைந்தைத் தாண்டியவர்; வீவக அடுக்குமாடியில் பதினாலாவது தளம். காலை ஏழரைக்கு இவருக்குக் கோப்பி ஓ கோசோங், அவருக்கு தே சி. கோப்பை வருவதற்குள் முதல் சுற்று முடிந்திருக்கும்.

2024 ஜனவரியில் இருவருக்கும் அறுவடைக் காலம். பழைய ஈஸி-லிங்க் பயண அட்டை ஜூன் முதல் செல்லாது, சிம்ப்ளிகோவுக்கு மாறுங்கள் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் 9ஆம் தேதி அறிவித்தது. புது ஏற்பாட்டில் ரயில் நிலைய வாசலில் அட்டையைத் தட்டினால் எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு என்று காட்டாது; கைப்பேசிச் செயலியில்தான் பார்க்க வேண்டும். அண்ணன் கொதித்தார். "என் காசு, எனக்கே காட்ட மாட்டானாம்! மளிகைக்கடையில கல்லாப் பெட்டியைத் திருப்பி வச்சிட்டுக் காசு கேட்டா குடுப்பீங்களா?" சொன்னது நியாயம்தான். ஊர் முழுக்க அதையே சொன்னது. 22ஆம் தேதி அரசாங்கம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையும் தொடரும், அதற்குக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்றார்கள்.

மறுநாள் காலை அவருக்குக் கை கொடுக்கப் போனோம். மரின் பரேட்காரரே எழுந்து நின்று, "ஒங்க பேச்சுதான்யா கடைசியில நின்னுச்சு" என்றார். அந்தச் சொல்தான் தப்பாகப் போயிற்று. அண்ணனின் முகம் சுருங்கியது. எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறோம். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. இப்படி ஓர் இடம் வீணாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"ஆனா நாப்பது மில்லியன்! யார் வீட்டுக் காசு? நாலு பேரு சத்தம் போட்டா உடனே மாத்திடறதா?"

அந்த நாலு பேரில் மூன்று பேரின் சத்தம் இவருடையது.

அதே ஆண்டு ஜூனில் மரின் பரேட்டுக்கு ரயில் வந்தது. சாலையைத் தோண்டிப் போட்ட ஆண்டுகளில் இந்த ரயில் வரவே வராது என்றார். வந்த பிறகு, இவ்வளவு ஆழத்தில் எதற்கு என்றார். அதை விடுவோம்.

அரசியலுக்கு வந்தால் அண்ணனின் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. பிறந்த வீட்டை விட்டு நகராமலே மூன்று தொகுதிகளைப் பார்த்தவர். 2011இல் ஜூ சியாட் தனித்தொகுதி. மக்கள் செயல் கட்சி பாட்டாளிக் கட்சியை அங்கே வென்றது 388 வாக்கில். 2015இல் மரின் பரேட் குழுத்தொகுதியில் சேர்த்தார்கள். 2025இல் ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதி. "நான் அப்படியேதான் உக்காந்திருக்கேன். கோடுதான் நடக்குது" என்பார். எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஆளுங்கட்சிக்காரரிடம் எதிர்க்கட்சி பேசுவார், எதிர்க்கட்சிக்காரரிடம் ஆளுங்கட்சி பேசுவார். வாக்கு ரகசியத்தை இவ்வளவு சத்தம் போட்டுக் காப்பாற்றிய மனிதரை நான் பார்த்ததில்லை.

2025 மே 3 தேர்தலில் மொத்தம் 33 தொகுதிகள். அவற்றில் போட்டியே இல்லாமல் முடிந்தது ஒன்றே ஒன்று: மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ். பாவம், நம் தே சி பெரியவரின் தொகுதி. வேட்புமனுத் தாக்கல் அன்றே கதை முடிந்தது. வாக்களிப்பு முடிந்த மறுநாள் அண்ணன் கட்டைவிரலால் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். பெரியவர் வாயைத் திறந்தாலே, "ஓட்டுப் போடாதவங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"நானா போடலை? போட விடலைய்யா!"

"ஆனா கடல்ல குடியிருக்கிறவருக்கு ஓட்டு எதுக்குண்ணே? அங்க நியாயமா மீனுங்கதான் ஓட்டுப் போடணும்."

கடை சிரித்தது. மரின் பரேட் அடுக்குமாடிகள் நிற்பதெல்லாம் கடலைத் தூர்த்த மண். 1966இல் கொட்டத் தொடங்கினார்கள். அண்ணன் பிறந்ததும் அதே 1966. ஆக, கடல் பின்வாங்கப் பின்வாங்க இவர் வளர்ந்திருக்கிறார். ஆனாலும் பழைய கரையைப் பற்றி நேரில் அளந்தவரைப் போலப் பேசுவார். பெரியவரோ அந்தத் தண்ணீரில் நீந்தியவர். இவர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டென்றால் அலை எதுவரை வந்தது என்பதுதான்.

சென்ற வருடக் கடைசியில் பெரியவருக்கு முழங்காலில் அறுவை. தே சி நாற்காலி காலியானது. நாங்கள் ஈடுகொடுத்துப் பார்த்தோம். எங்களுக்கு அந்த அளவு மூச்சு கிடையாது. அண்ணனின் தவிப்பைக் கண்டு அவர் மருமகன் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தமிழிலேயே பேசும், எந்நேரமும் பதில் சொல்லும், களைப்பே தெரியாது. அண்ணனுக்காகவே செய்தது போலிருந்தது.

மூன்றாம் நாள் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"என்னண்ணே, பதில் தப்பா?"

"தப்பாச் சொன்னாப் பரவாயில்லையே! பழைய முறை நல்லதுன்னேன். 'நீங்கள் சொல்வது மிகச் சரி'ங்குது. சரி, புது முறைதான் நல்லதுன்னு மாத்திப் பாத்தேன். 'அருமையான கருத்து'ங்குது. நான் அதட்டினதும் மன்னிப்புக் கேக்குது. அஞ்சு நிமிஷத்துல மூணு தடவை! வீட்டுல மாப்பிள்ளைகூட இப்படிக் குழைஞ்சதில்லை. இதை வச்சிக்கிட்டு என்ன பேசறது?"

கோப்பியைப் பாதியில் விட்டு எழுந்தார். தே சி ஒன்றை நெகிழிப் பையில் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு நடந்தார். நானும் கூடவே போனேன்.

பெரியவர் கட்டிலில் கிடந்தார். தினம் பத்தடியாவது நடக்கச் சொல்லி இயன்மருத்துவர் மன்றாடுகிறாராம்; மூன்று நாளாக நகர மறுக்கிறார் என்று அவர் வீட்டு அக்கா குறைப்பட்டுக்கொண்டார். அண்ணன் நலம் விசாரிக்கவில்லை. நேரே சன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத் தெரியுது. அந்தக் காலத்துல தண்ணி இங்கிருந்து பாத்தா அதோ அந்த மரத்தடி வரைக்கும் வந்திருக்கும்" என்றார்.

கட்டிலிலிருந்து ஒரு உறுமல். "அது கடல் பக்கத்துச் சன்னல்யா. கரை இருந்தது அந்தாண்ட, காத்தோங் பக்கம். சமையலறைச் சன்னல்ல பாரு."

"பாத்துட்டேன். ஆனா அங்க கரை இருந்த மாதிரித் தெரியலையே."

"தெரியலையா?" போர்வை விலகியது. ஊன்றுகோல் தரையில் தட்டியது. ஒரு அடி, இரண்டு அடி. கூடத்தைக் கடந்து, குளிர்பதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, சமையலறைச் சன்னலுக்குப் போய்ச் சேர்ந்தவர் கையை நீட்டினார். "அந்த ஓட்டுக்கூரை தெரியுதா? அதுக்கு இந்தாண்ட வரைக்கும் அலை. நான் அதுல முங்கி எழுந்தவன். ஒனக்கு அப்ப பல்லே முளைக்கலை."

அக்கா வாயடைத்து நின்றார். எனக்குத் தெரிந்து கூடத்திலிருந்து அந்தச் சன்னல் இருபதடி இருக்கும்.

"பாருங்க, நடக்கிறார்" என்றேன் அண்ணனிடம்.

"நடக்கிறார். ஆனா இடது காலைச் சரியா ஊனலை."