44 வருஷ ஆடித் தள்ளுபடி

நம் ஊரில் ஆடித் தள்ளுபடி ஒரே மாதம். ஆவணி பிறந்தால் பழைய விலைக்குப் போய்விடும். கடைக்காரர் தள்ளுவதும் தன் சரக்கைத்தான், நட்டம் வந்தால் அவர் தலையில் விடியும். பிரிட்டனில் ஓர் ஆடி 1980-ல் பிறந்து 2024 வரை முடியவேயில்லை. தள்ளியது ஊர்ச்சொத்து. கவுன்சில் வீடுகள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள் வாடகைக்கு விடும் வீடுகள்.

பிரதமர் தாட்சர் அம்மையார் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டத்துக்கு ‘வாங்கும் உரிமை’ என்று செல்லப்பெயர். மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தவருக்குச் சந்தை விலையில் 33 சதவீதம் கழிவு. இருபது வருஷம் இருந்தவருக்குப் பாதி விலை. பிறகு அடுக்குமாடி வீடுகளுக்கு 70 சதவீதம் வரை ஏற்றினார்கள். வாங்குபவருக்கு உரிமை உண்டு, விற்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை கிடையாது. நார்விச் நகர கவுன்சில் கொஞ்சம் மெதுவாக விற்றுப் பார்த்தது. அமைச்சர் ஹெசல்டைன் விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப் புறப்பட்டார், 1982-ல் நீதிமன்றமும் தலையாட்டியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்த நெய் எப்படிச் சேர்ந்தது தெரியுமா? போர் முடிந்து, ரொட்டியைக்கூட ரேஷனில் வாங்கிக்கொண்டிருந்த தேசம், குண்டு விழுந்த மண்ணில் லட்சக்கணக்கில் கட்டிய வீடுகள் அதில் அடக்கம். கஞ்சி குடித்துக் கட்டியதைத்தான், கறிவிருந்து சாப்பிடும் காலத்தில் விற்றார்கள். இங்கிலாந்தில் மட்டும் எண்ணிக்கை சுமார் 20 லட்சம்.

வாங்கியவரை நான் திட்டமாட்டேன். இருபது வருஷம் வாடகை கட்டிய பேருந்து ஓட்டுநரிடம் பாதி விலைக்கு வீடு தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாரா? வாங்கினார், வாசல் கதவுக்கு இஷ்டப்பட்ட நிறத்தில் வண்ணம் அடித்தார். அதற்குமுன் கவுன்சில் சொன்ன நிறம்தான். அந்தச் சந்தோஷம் நியாயமானது. என் கோபம் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்.

விற்ற காசில் புதுவீடு கட்டலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வித்தை. காசு கவுன்சிலுக்கு வரும், ஆனால் தொடக் கூடாது. 1990 முதல் முக்கால் பங்கைக் கடனடைக்க ஒதுக்கிவிட வேண்டும் என்று விதி. 2012-ல் பிரதமர் கேமரூன் தள்ளுபடி உச்சவரம்பை 75,000 பவுண்டாக உயர்த்தினார், மறுவருஷம் லண்டனுக்கு ஒரு லட்சம். கூடவே ஒரு வாக்குறுதி: விற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஈடாக ஒரு வீடு. கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது. பொடி எழுத்தில் என்ன இருந்தது? வழக்கமாக விற்பவை கணக்கில் சேராது, கூடுதலாக விற்பவற்றுக்குத்தான் ஈடு. ஈட்டுவீட்டின் செலவில் 30 சதவீதத்துக்குமேல் அந்தக் காசை எடுக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்குள் செலவழிக்காவிட்டால் வட்டியோடு கஜானாவுக்குத் திருப்பிக் கட்டு. கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு, நீந்தாததற்கு அபராதமும் போடுவது இதுதான்.

2015-ல் பசி முற்றியது. தங்கள் வீடு தீர்ந்துவருகிறதே என்று, அரசுக்குச் சொந்தமில்லாத வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளையும் தள்ளுபடியில் விற்பதாகக் கேமரூன் கட்சியினர் தேர்தல் அறிக்கையில் எழுதினார்கள். அந்தத் தள்ளுபடிக்குப் பணம்? கவுன்சில்கள் மிச்சம் வைத்திருக்கும் விலை உயர்ந்த வீடுகள் காலியானதும் அவற்றை விற்றுக் கொடுக்கட்டும்! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இது, தேங்காய்க்கான காசைப் பக்கத்துக் கடை உண்டியலிலிருந்து எடுப்பது. உண்டியல் யோசனையை 2018-ல் ஓசையில்லாமல் கைவிட்டார்கள்.

தொழிற்கட்சி என்ன செய்தது என்கிறீர்களா? குடியிருப்பவருக்கே விற்கும் யோசனையை 1959 தேர்தல் அறிக்கையிலேயே எழுதியவர்கள் அவர்கள். பிறகு எதிர்த்தார்கள், பிறகு ஓட்டு போவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். 1997-க்குப் பிறகு 13 வருஷம் ஆண்டபோது கழிவைக் குறைத்தார்கள், கடையைச் சாத்தவில்லை. ஸ்காட்லாந்து 2016-லும் வேல்ஸ் 2019-லும் சாத்திவிட்டன.

ஓட்டு என்றதும் வெஸ்ட்மின்ஸ்டர் ஞாபகம் வருகிறது. தாட்சர் கட்சிக்காரரான ஷெர்லி போர்ட்டர் தலைமையில் அந்த லண்டன் கவுன்சில், இழுபறியான 8 வார்டுகளைப் பொறுக்கி, காலியான வீடுகளை வீடற்றவர்களுக்குக் கொடுக்காமல் விற்றது. வீட்டுக்காரர் ஆனவர் நம் கட்சிக்குத்தான் குத்துவார் என்ற கணக்கு. 2001-ல் பிரபுக்கள் சபை இது சட்டவிரோதம் என்றது, 2004-ல் அம்மையார் 1.23 கோடி பவுண்டு கட்டிக் கணக்கை முடித்தார். நம்மவர்கள் ஓட்டுக்குக் கவரோடு நின்றுவிடுகிறார்கள், பாவம், கற்பனை போதாது.

இனி கதையின் உச்சம். முதலில் வாங்கியவர் விற்றுவிட்டுப் போக, வீடு முதலீட்டாளர் கைக்கு வந்தது. 2017-ல் ஒரு பத்திரிகை கவுன்சில்களிடம் கேட்டு வாங்கிய தகவலின்படி, இங்கிலாந்தில் இப்படி விற்ற அடுக்குமாடி வீடுகளில் சுமார் 40 சதவீதம் தனியார் வாடகையில் இருந்தன. தெருவில் நிற்கும் குடும்பத்தைத் தங்கவைக்கும் சட்டக்கடமை கவுன்சிலுக்கு. அது எங்கே போய்க் கதவைத் தட்டும்? தான் கட்டி, தான் பாதி விலைக்கு விற்ற அதே கட்டடத்தில், இன்றைய சந்தை வாடகைக்கு. 2021-ல் லண்டன் மேயர் அந்த வீடுகளைத் திரும்ப வாங்க கவுன்சில்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டமே போட்டார். தாலியை அடகு வைத்து மீட்பவளுக்காவது அடகுச்சீட்டு இருக்கும்.

இங்கிலாந்தில் ‘தற்காலிக’ இருப்பிடங்களில் 1,60,000-க்கும் மேல் குழந்தைகள். விடுதி அறையில், பெட்டி பிரிக்காமல், பள்ளிக்கூடம் மாறிமாறி. 2024-ல் அரசு தன் வழிகாட்டி நெறியில் தொட்டிலைப் பற்றி எழுதிச் சேர்த்தது: இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அந்த அறையில் தொட்டில் வேண்டும். 20 லட்சம் வீட்டை விற்ற ராஜ்யத்துக்கு, பிள்ளை படுக்க இடம் வேண்டும் என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதே வருஷம் நவம்பர் 21-லிருந்து கழிவு உச்சவரம்பு இடத்துக்கேற்ப 16,000 முதல் 38,000 பவுண்டு வரை என இறங்கியது. கடை சாத்தப்படவில்லை, பெரிய தள்ளுபடிப் பலகை மட்டும் இறங்கியது. முந்தைய நாட்களில் விண்ணப்பங்கள் குவிந்தன, ஆடி கடைசி நாள் கூட்டம்தான். பக்கத்தில் இன்னொரு வரிசை, 13 லட்சம் குடும்பங்கள், கவுன்சில் வீடு கேட்டு. அவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.