எங்கள் தெரு நோட்டு

தெருவோரம் ப்ளீச்சிங் பவுடர் தூவியிருந்தால் எங்கள் தெருவில் இரண்டு காரணம்தான் சொல்வோம். டெங்கு வந்திருக்கும், அல்லது தேர்தல் வந்திருக்கும். டெங்குவுக்கு இவ்வளவு தாராளமாகத் தூவ மாட்டார்கள்.

வேட்பாளர் வருகிற அன்று முக்குக் கடையிலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். பள்ளங்களில் கட்டட இடிசலைக் கொட்டி நிரவுவார்கள். தொங்குகிற கேபிள் ஒயரை யாரோ ஏணி போட்டு இழுத்துக் கட்டுவார். வேனில் நின்று கும்பிட்டபடி வருபவர் கழுத்தில் அது மாட்டிக்கொண்டால் தேர்தலே தள்ளிப்போய்விடுமே! ஒரு மணி நேரத்துக்கு எங்கள் தெரு, மேடையில் அவர்கள் சொல்லும் தெரு மாதிரியே இருக்கும்.

எங்களுக்கு வாக்குறுதி என்றால் ஒன்றே ஒன்றுதான்: பாதாள சாக்கடை. 2006 சட்டமன்றத் தேர்தலில் கலர் டிவி தருவதாகச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்குக் கூடுதலாகப் பாதாள சாக்கடையும் சொன்னார்கள். டிவி வந்தது. 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றார்கள். கூடவே பாதாள சாக்கடை என்றார்கள். மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது, மின்விசிறியும் வந்து இன்றைக்கும் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றுகிறது. ஆட்சி மாறினாலும் இந்த ஒழுங்கு மட்டும் மாறவில்லை. வீட்டுக்குள் வர வேண்டியது வந்துவிடுகிறது. வீட்டிலிருந்து வெளியே போக வேண்டியதுதான் போக வழியில்லாமல் நிற்கிறது.

இதற்குக் காரணம் ஒன்றும் சூட்சுமமானது அல்ல. மிக்சியில் தலைவர் படம் ஒட்டலாம். மண்ணுக்கு அடியில் போகிற குழாயில் யார் படத்தை ஒட்டுவது? வெளியே தெரிவது மூடி ஒன்றுதான். அதில் படம் போட்டால் போகிறவன் வருகிறவன் எல்லாம் மிதிப்பான். இன்னொன்றும் உண்டு. மிக்சி வராவிட்டால் அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியும். ரேஷன் கடை வாசலில் நின்று, ‘அவளுக்கு வந்துச்சு, எனக்கு ஏன் வரலே?’ என்று கேட்டு வாங்காமல் திரும்ப மாட்டார். சாக்கடை வராவிட்டால் யாருக்குமே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வரவில்லை என்பதே நமக்குப் பாதி ஆறுதல்.

இந்த நிலையில்தான் கருவூலத்தார் எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். கருவூல அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க மற்ற ஆபீஸ்களிலிருந்து வரும் பில்களில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் மனிதர் வாடிப்போயிருந்தார். மளிகைக் கடைச் சீட்டையே இரண்டு முறை திருப்பி அனுப்பியதாகக் கேள்வி.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பாதாள சாக்கடைப் பேச்சு வந்தது. ‘யார் சொன்னது? என்றைக்குச் சொன்னது? ஆவணம் எங்கே?’ என்று கேட்டார். எங்களிடம் இருந்ததெல்லாம் நினைவும் வயிற்றெரிச்சலும்தான். மறுநாள் நீள சைஸ் கட்டு நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கட்டம் போட்டுவிட்டார். வாக்குறுதி, சொன்னவர், எந்தத் துறை, பணம் எங்கிருந்து, எந்தத் தேதிக்குள், கையொப்பம், சாட்சி. சாட்சிக் கட்டத்துக்கு என்னை நியமித்தார். கையெழுத்து கோணாமல் இருக்கிறது என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

‘பணம் எங்கிருந்து’ என்ற கட்டத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இலவசங்களை எதிர்த்து எஸ்.சுப்பிரமணியம் பாலாஜி என்பவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவின்படி முறைகேடு ஆகாது என்றது. ஆனால் தேர்தல் ஆணையம் இதற்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதன்படி, சொல்வதற்கு நியாயமும் பணத்துக்கு வழியும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்தது. ‘கட்சி காட்டணும்னா கேண்டிடேட்டும் காட்டட்டுமே’ என்றார் கருவூலத்தார். நாட்டில் அந்த விதியை முழுதாகப் படித்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் சிக்கியவர் 2019இல் மக்களவைக்கு நின்ற ஒருவர். தெருப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக நிற்க, வரிசைக் கடைசியில் இவர் நோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வேட்பாளர் தட்டுக்கு ஒரு நூறு ரூபாயாகப் போட்டுக்கொண்டே வந்து, வந்த வேகத்தில் நோட்டின் மேலும் ஒரு நூறு ரூபாயை வைத்துக் கும்பிட்டார்.

கருவூலத்தார் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ‘இதை எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கிறதுங்க?’

கூட வந்தவர்களுக்கு முகம் வெளிறிவிட்டது. பறக்கும் படை ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ரூபாய் வந்த வேகத்திலேயே பைக்குள் போயிற்று. விஷயத்தைச் சொன்னதும் வேட்பாளருக்கு மூச்சு வந்தது. ‘ஐயா, சாக்கடை மாநகராட்சி வேலை. நான் டெல்லிக்குப் போறவன்’ என்றார். எம்.பி. நிதி வருஷத்துக்கு 5 கோடி இருக்கிறதே என்றார் இவர். ‘ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சேர்த்து 5 கோடிங்கய்யா. பஸ் ஸ்டாப் நிழற்குடை கேட்டே என்னைய உரிச்சு எடுக்கிறாங்க.’ பாவமாகத்தான் இருந்தது. அந்த நிதியையும் அடுத்த வருஷமே கொரோனாவுக்காக நிறுத்தினார்கள். 2021 நவம்பரில்தான் திரும்ப விட்டார்கள்.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பதில் வைத்திருந்தார்கள். ‘கவுன்சிலரே இல்லையேங்க, யார் மூலமா செய்யிறது?’ இது பொய்யில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தாகி, நகர்ப்புறங்களுக்கு அது 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. நடுவில் தனி அலுவலர் ஆட்சி. அவரிடம் போய் வாக்குறுதியைக் கேட்டால், ‘நான் எதுவும் கொடுக்கலையே’ என்பார். அவர் ஓட்டுக் கேட்டு வந்தவர் இல்லை என்பதால் அதுவும் சரிதான். ஒருவரும் பொய் சொல்லாமலேயே ஒரு தெருவுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க முடியும் என்பதை நான் அந்த வருஷங்களில் கண்ணால் பார்த்தேன்.

செய்யாமல் இருந்தார்கள் என்று சொன்னாலும் தப்பு. தேர்தல் அறிவிப்பு வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட வாரத்தில் ஒரு லாரி வந்து தெரு நடுவில் ஜல்லி கொட்டிவிட்டுப் போனது. விதி அப்படி: பணி ஆணை கையில் இருந்தாலும், தேதி அறிவிக்கும் முன் களத்தில் வேலை தொடங்கியிருக்காவிட்டால் பிறகு தொடங்கக் கூடாது. அதனால் ஜல்லி கொட்டி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு மேல் தொடரத்தான் இல்லை. அந்தக் குவியலில் ஒரு நாய் குட்டி போட்டது. குட்டிகள் வளர்ந்து இப்போது என் ஸ்கூட்டரைத் துரத்துகின்றன.

அதற்கும் முன்னால் ரோடு ஒன்று போட்டிருந்தார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்ட ரோடு. சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று தலைமைச் செயலரே 2021இல் பொறியாளர்களுக்கு எழுதினார். எங்கள் தெருக்காரர்கள் முந்திக்கொண்டுவிட்டோம். வீடு கட்டும்போது மூன்று படி ஏறி உள்ளே போன நான், இப்போது ஒரு படி இறங்கிப் போகிறேன். மழை பெய்தால் தெருத் தண்ணீர் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. இதைச் சொல்லிப் புலம்பினால், ‘வேலூரைப் பார்த்துட்டு மனசைத் தேத்திக்குங்க’ என்பார் சங்கச் செயலாளர். 2022இல் அங்கே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் சக்கரத்தோடு சேர்த்துச் சிமெண்ட் ரோடு போட்டார்கள். அப்புறம் அடிபம்பையும் சேர்த்து வடிகால் கட்டினார்கள். நம்மையெல்லாம் அப்படிச் சேர்த்துப் போடாமல் விட்டார்களே!

கருவூலத்தார் விடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெறும் காகிதம் மட்டுமல்ல, வேலையைப் போய்ப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும் உரிமை இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் தெரு ரோட்டின் மாதிரி வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டார். கூடவே வேலையை அளந்து எழுதும் எம்-புக்கின் நகலும். ஆபீசிலிருந்து ஒரு பொறியாளர் தம்பி போனில் கூப்பிட்டார். ‘ஐயா, ரோட்டை எப்படிங்கய்யா அட்டெஸ்ட் பண்ணிக் கொடுக்கிறது?’ இவர் சொன்ன பதில்: ‘ரோடு எங்கிட்ட இருக்கு தம்பி. காலையில பால் வாங்கப் போறப்ப செருப்போட பேத்துக்கிட்டு வந்திருச்சு. நீங்க சீல் மட்டும் கொண்டாங்க.’

தெருப் பையன்களுக்கு இந்த நோட்டு, ஸ்டாம்ப் எல்லாம் பிடிக்கவில்லை. அதிரடியாக ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். ஒருவன் தேர்தல் புறக்கணிப்பு என்றான். தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை நடத்தி, மத்தியானத்துக்குள் எல்லோரும் க்யூவில் நிற்பார்கள் என்று அடங்கிவிட்டது. ஒருவன் நோட்டா என்றான். நோட்டாவே முதலில் வந்தாலும் அடுத்து வந்தவர்தான் எம்.எல்.ஏ. இன்னொருவன் மொடக்குறிச்சியை எடுத்தான். 1996இல் தங்கள் கோரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் திரண்டு நிற்க, அந்த ஒரு தொகுதியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. நினைத்தாலே ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்போது டெபாசிட் 250 ரூபாய். அந்தக் கூத்தெல்லாம் பார்த்த பிறகு 5,000 ஆக்கி, இப்போது 10,000 ஆகிவிட்டது. எங்கள் சங்கத்தில் மாதச் சந்தா ஐம்பது ரூபாயையே தவணையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாக்குறுதி கொடுத்தவர்களிலேயே எனக்குப் பிடித்தவர் துலாம் சரவணன்தான். 2021இல் மதுரை தெற்கில் சுயேச்சையாகக் குப்பைத் தொட்டி சின்னத்தில் நின்று, வீட்டுக்கு ஒரு ஹெலிகாப்டர், வருஷம் ஒரு கோடி ரூபாய், நிலாவுக்குச் சுற்றுலா, தொகுதி குளிரச் செயற்கைப் பனிமலை என்று அடுக்கினார். வெற்று வாக்குறுதியை நம்பாதீர்கள் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். அந்த அறிக்கையைக் கருவூலத்தாரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி வரை படித்தார். ‘பாதாள சாக்கடை போடலையே. மனசாட்சி உள்ள ஆளு’ என்றார்.

2022 உள்ளாட்சித் தேர்தலுக்குத்தான் அவர் தன் கணக்கை மாற்றினார். பாதாள சாக்கடை என்று எழுதி வாங்கினால் அது வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் நிற்கும். மிக்சி மாதிரி எண்ணிப் பார்க்கக் கூடியதாக ஒன்றைக் கேட்க வேண்டும், வராவிட்டால் சின்னக் குழந்தைக்கும் தெரிய வேண்டும் என்றார். ரேஷன் கடை எதிரே வடிகால் மேல் சிலாப் நான்கு உடைந்து, ராத்திரியில் ஆளை விழுங்கக் காத்திருந்தன. ஓட்டுக் கேட்டு வந்த பையன் பக்கத்துத் தெருக்காரன். ‘பெரியப்பா, பாதாள சாக்கடை முதலான அனைத்து அடிப்படை வசதிகளும்…’ என்று ஆரம்பித்தான்.

‘ஆட்சேபணை. “முதலான”னு எழுத முடியாது. நாலு சிலாப். ஆகஸ்ட் 15.’

‘நாலே நாலா? நான் பெருசா செய்யணும்னு நினைக்கிறேன் பெரியப்பா.’

‘பெருசா நினை. சின்னதா எழுது.’

பையன் மனத்தாங்கலோடு கையெழுத்துப் போட்டான். அவ்வளவு சின்ன வாக்குறுதி கொடுத்தது வெளியே தெரிந்தால் மரியாதை போய்விடும் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனான். ஜெயித்தான். ஆகஸ்ட் 15 வந்தது, கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள், சிலாப் வரவில்லை. அன்று மாலையிலிருந்து ரேஷன் கடைக்குப் போன பெண்கள் ஒருவர் விடாமல் அவனுக்குப் போன் செய்து, ‘தம்பி, நாலு’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்கள். பாதாள சாக்கடைக்காக ஒருவரும் அவனுக்குப் போன் செய்ததில்லை. தீபாவளிக்கு முன்னால் நான்கு சிலாப்பும் வந்து இறங்கின. கருவூலத்தார் டேப்போடு போய் நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்து, ‘தாமதமாக நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டில் வரவு என்று பதிந்த முதல் பக்கம் அது.

போன வாரம் கவுன்சிலர் வந்திருந்தான். அடுத்த தேர்தலுக்குச் சாதனை நோட்டீஸ் அடிக்கிறார்களாம். அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, சங்க முத்திரை வைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றான்.

கருவூலத்தார் நோட்டை மூடி அலமாரிக்குள் வைத்தார். ‘மனு எழுதிக் கொடு தம்பி. பத்து ரூபா ஸ்டாம்ப் ஒட்டணும். முப்பது நாளைக்குள்ள பதில் வரும்.’